ஒரு இலைக்கு ஒருவர்

ஏற்காட்டில் அமீர் ஜானைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் அவர் கையால் சாப்பிட்டு, அவர் வாயால் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் மலையிறங்கிய வெளியூர்க்காரர்கள் குறைவு. ஏரிக்கு எதிரே ஷேக் தாவூத் நடத்திவந்த குளிர்ச்சோலை குடும்ப உணவகத்தில் அவர் தலைமை சப்ளையர். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் சாம்பார் வாளி. மாதச் சம்பளத்துக்கு நிற்கிற ஆள்தான். ஆனால் அவர் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தோரணையைப் பார்த்தால், சேர்வராயன் மலையையே பாட்டன் பூட்டன் அவர் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனது போலிருக்கும்.

கடையில் இரண்டு பலகைகள் தொங்கின. மேலே இருந்தது முதலாளி எழுதிவைத்தது: 'முழுச் சாப்பாடு. வயிறார உண்ணவும்.' ஷேக் தாவூத் தாராளமான மனுஷர். மலைக்கு வந்தால் பசிக்கத்தான் செய்யும், இரண்டு கரண்டி கூடப் போனால் அண்டா வற்றிவிடாது என்பார். கீழே தொங்கியது அமீர் ஜான் நச்சரித்து எழுதவைத்த பலகை: 'ஒரு இலைக்கு ஒருவர் மட்டும்.' சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று அந்தக் கடையைப் பார்த்துத்தான் சொல்லிவைத்தார்களோ என்னவோ.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வருகிறவர்களின் லட்சணமும் அப்படித்தான் இருந்தது. சேலத்தில் பஸ் ஏறும்போது மூக்குமுட்டத் தின்றுவிட்டு ஏறுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் தின்றதையெல்லாம் ஜன்னலுக்கு வெளியே காணிக்கை செலுத்திவிட்டு, மேலே வந்து இறங்கும்போது காலி வயிறும் கண் இருட்டுகிற பசியுமாக இறங்குவார்கள். மே மாத வெயிலில் தலையில் கம்பளிக் குல்லாய். படகுக்குக் கொடுப்பார்கள், போட்டோவுக்குக் கொடுப்பார்கள், குரங்குக்குக்கூடப் பொட்டலம் பொட்டலமாகக் கடலை வாங்கிப் போடுவார்கள். சோறு என்று வந்தால் மட்டும் கை சுருங்கிவிடும். ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே ஒரு முழுச் சாப்பாடு கேட்பார்கள். மற்ற நாலு பேருக்கும் பசியே இல்லையாம், சும்மா கூட உட்கார்ந்திருக்கிறார்களாம்.

இந்தப் பசியில்லாதவர்களை அமீர் ஜான் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். உள்ளே வரும்போது பலகையைப் படிக்கிறவன் யோக்கியன். பலகையைப் படித்துவிட்டுப் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கிறவன் பங்குக்காரன். சுவரோர மேசையைத் தேடிப் போகிறவனும் பங்குக்காரன்தான். சோறு வந்ததும் முதலில் அப்பளம் காணாமல் போகும். பிறகு குழந்தைக்கு இரண்டு வாய் என்பார்கள். அந்தக் குழந்தைக்குச் சில சமயம் மீசை அரும்பியிருக்கும். அப்புறம் அந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி கையைக் கொண்டுபோய்ப் பொரியலில் விடுவாள். சோறு மூன்றாம் தடவை, நாலாம் தடவை என்று வந்துகொண்டே இருக்கும். சாப்பிடுகிறவன் ஒல்லிப்பிச்சானாக இருப்பான். அவ்வளவும் எங்கே போகிறது என்று கேட்டால் மலைக்காற்றின் மேல் பழியைப் போடுவான்.

அமீர் ஜான் உடனே பிடித்துவிடமாட்டார். அது அவருடைய தொழில் தர்மத்துக்கு இழுக்கு. இரண்டு கரண்டி போட்டு, குழம்பு ஊற்றி, தாராளமாக விட்டுவைப்பார். கை நன்றாக உள்ளே நுழையட்டும் என்று காத்திருப்பார். நுழைந்ததும் நாலு மேசைக்குக் கேட்கிற மாதிரி, "ஒரு இலைக்கு ஒருத்தருங்க" என்பார். திட்டமாட்டார், முறைக்கமாட்டார். அந்த ஒரு வாக்கியம்தான். கடையே திரும்பிப் பார்க்கும். நீட்டின கை நீட்டினபடி நிற்கும். அந்த நிற்பைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு ருசி. அவர் தின்கிற எந்தச் சோற்றிலும் அந்த ருசி கிடையாது.

இதற்கு ஒரு ஆரம்பம் உண்டு. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மீசை கறுக்காத வயசில், இப்படியொரு குடும்பம் வந்து ஓர் இலையில் ஆறு பேர் சாப்பிட்டார்கள். பாவம் பசி என்று நினைத்து அவரும் பார்த்தும் பார்க்காத மாதிரி பதினான்கு தடவை போட்டார். கை கழுவுகிற இடத்தில் அவர் பின்னால் நிற்பது தெரியாமல் அந்தக் குடும்பத்துத் தலைவன், கேனப்பய, கேட்கக் கேட்கக் கொட்டறான் என்று சொல்லிச் சிரித்தான். பெண்டு பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். அன்றைக்கு உள்ளே இறங்கின முள் அது. வாஸ்தவம், வலித்திருக்கும். அதற்காக ஒருத்தன் சிரித்த சிரிப்புக்கு இருபது வருஷத்துக்கு மேலாக ஊரையே பழிவாங்கிக்கொண்டிருந்தவரைக் கெட்டிக்காரர் என்று எப்படிச் சொல்வது?

கூட வேலை செய்த மாரமங்கலத்துப் பொன்னுவேல் ஒரு தடவை கேட்டுப் பார்த்தான். எங்கள் ஊரில் காட்டு வேலை முடிந்து வந்தால் ஒரு சட்டிக் களியில் நாலு பேர் கை வைத்துத்தான் தின்கிறோம், இவர்கள் தின்றால் உங்களுக்கு என்ன போச்சு என்று. அமீர் ஜான் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அதனால்தான் நீ இன்னும் எச்சில் இலை எடுக்கிறாய் என்றார். பொன்னுவேல் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவரிடம் வேறு எந்தப் பேச்சையும் எடுக்கவில்லை.

கடையில் வைத்துவிட்டு வந்தால் பரவாயில்லை. அந்தச் சட்டத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பஸ் நிலையத்துக்கு மேலே ஏறினால் ஓட்டு வீடுகள் ஒரு வரிசை. அதில் கடைசி வீட்டில் அவரும் மனைவி ஜைனப்பும் மகள் ஆசியாவும் இருந்தார்கள். ஜைனப் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். அவள் பிறந்த வீட்டில் பெருநாள் என்றால், விருந்தாளி வந்தால், சகனில்தான் சாப்பாடு. சகன் என்பது வண்டிச் சக்கரம் போல அகலமான பெரிய தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். கறித்துண்டு பெரியதாக இருந்தால் பக்கத்து ஆள் பக்கம் தள்ளிவிடுவார்கள். கூடிச் சாப்பிட்டால் பரக்கத்து, இறைவன் அருளால் சோறு பெருகும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஜைனப் சீதனமாகக் கொண்டுவந்த சகனை அமீர் ஜான் கல்யாணமான மூன்றாம் வருஷமே பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டு, மூன்று எவர்சில்வர் தட்டு வாங்கினார். வீட்டில் ஆளுக்கு ஒரு தட்டு. மகள் தாயின் தட்டிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்தாலும், ஒரு தட்டுக்கு ஒருத்தர் என்பார். ஜைனப்பின் அண்ணன் ஒரு பெருநாளைக்கு வந்து, தனித் தட்டில் தனியாகச் சாப்பிட்டு, அதற்கப்புறம் பெருநாளைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்.

எச்சிற்கையால் காக்கை ஓட்டாதவன் என்று ஊரில் சிலபேரைச் சொல்வார்கள். அமீர் ஜான் அந்த ரகமும் இல்லை, அதுதான் வேடிக்கை. கஞ்சத்தனம் என்றால் புரிந்துகொள்ளலாம். இவர் வேண்டிய மட்டும் போடுவார், தட்டு நிறையப் போடுவார். இன்னொருவர் கை பக்கத்தில் வரக்கூடாது, அவ்வளவுதான். பங்கு போட்டுத் தின்கிறவனெல்லாம் பிச்சைக்காரன் என்று அவருக்கு ஆகிவிட்டது. இருபது வருஷம் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதற்கு மேல் எதையும் பார்க்காது போலும்.

ஆசியாவுக்கு இருபத்திரண்டு வயசாயிற்று. இரண்டு வரன் வந்து தட்டிப்போயிற்று. பெண்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. தகப்பன் ஓட்டலில் சோறு போடுகிறவர் என்று தெரிந்ததும் பேச்சு தேய்ந்து நின்றுபோனது. மூன்றாவதாக ஜைனப்பின் அண்ணனே மனசு பொறுக்காமல் ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை சேலத்தில் ரேடியோ, டேப் ரிகார்டர் பழுதுபார்க்கிற கடை வைத்திருந்தான். அவன் தகப்பனார் சையத் இப்ராஹிம் மிளகு வியாபாரி, மாரமங்கலம் மஞ்சக்குட்டைப் பக்கம் மிளகு வாங்க மலைக்கு வந்துபோகிறவர். சர்வர் மகளா என்று அவர்கள் கேட்கவில்லை. உறவுக்காரர் கல்யாணம் ஒன்றில் ஆசியாவும் அந்தப் பையனை ஒரு தடவை பார்த்திருந்தாள். அதைப் பற்றி வாய் திறக்காமல், ஒரு மாதமாகத் தங்கள் வீட்டு ரேடியோவை மட்டும் தினமும் இரண்டு தடவை துடைத்துக்கொண்டிருந்தாள். இதுவும் தட்டிப்போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் ஜைனப்பின் கவலை.

1988 மே மாதக் கடைசி ஞாயிறு, கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கிற நாள். சம்மந்தி வீட்டார் மலையைச் சுற்றிப் பார்த்த மாதிரியும் ஆகும் என்று வேன் எடுத்துக்கொண்டு வருவதாக இருந்தது. பெண்கள் வீட்டுக்கு வந்து பெண்ணைப் பார்ப்பார்கள். ஆண்கள் பேசி முடிப்பார்கள். முடித்ததற்கு அடையாளம், இரண்டு தகப்பன்மாரும் ஒரே சகனில் கை வைத்துச் சாப்பிடுவது. கையெழுத்து, சாட்சி, பாக்கு மாற்றல் எல்லாம் அவர்களுக்கு அதுதான். ஜைனப் இதை அவருக்கு மூன்று நாளாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ஏனுங்க, பக்கத்து ஊட்டுல ரெண்டு சகன் கேட்டு வெச்சிருக்கறன். ஆம்பளைங்களுக்கும் இங்கயே வெச்சிரலாமுங்க. எடம் பத்தலீன்னா வாசல்ல பாய் விரிச்சுப் போடலாம். அவிய எதிர்பாக்கறது அதத்தானுங்க."

அமீர் ஜான் கேட்கவில்லை. வாசலில் பாய் விரித்து உட்காரவைக்க அவர்கள் என்ன கூலிக்காரர்களா என்றார். குளிர்ச்சோலையில் நடு மேசை முழுக்க ஒதுக்கி, தலைவாழை இலை போட்டு, ஆளுக்கு ஒரு இலை, ஆளுக்கு ஒரு டம்ளர், பிரியாணி, தாள்ச்சா, பச்சடி என்று அவர் கையாலேயே பரிமாறினால்தான் அமீர் ஜான் யாரென்று தெரியும் என்றார். சர்வர் என்று இரண்டு பேர் போனார்களே, அவர்களுக்கும் சேர்த்து இந்த ஒரு பந்தியில் பதில் சொல்ல வேண்டும். அவர் மனசில் இருந்தது அதுதான். பெண்களுக்கு வேண்டுமானால் வீட்டில் உன் சகனை வைத்துக்கொள் என்று விட்டுக்கொடுத்தார். பெரிய மனசு.

அன்றைக்குக் கடையில் நிற்க இடமில்லை. நடு மேசையில் ஒன்பது இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஈ உட்காராமல் பொன்னுவேலை விசிற நிறுத்தியிருந்தார். ஜன்னலோர மேசையில் ஈரோட்டுக்காரர் ஒருத்தர், கம்பளிக் குல்லாயோடு, பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள். ஒரு முழுச் சாப்பாடு. சம்மந்தி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? அந்த அம்மாள் கை இலைக்குள் போனதும் அமீர் ஜான் வாளியோடு போய் நின்றார். ஒரு இலைக்கு ஒருத்தருங்க என்றார். அதோடும் விடவில்லை.

"அம்மிணி, பசியில்லீன்னு சொன்னீங்க. கை மட்டும் பசிக்குதுங்களா?"

அந்தம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். சின்னப் பையன் வாயில் இருந்த சோற்றை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். ஈரோட்டுக்காரர் எழுந்து போய் நாலு டோக்கன் வாங்கிவந்து மேசைமேல் அடித்து வைத்தார். இனி என்னை நீ எழுப்ப முடியாது என்கிற மாதிரி சாய்ந்து உட்கார்ந்தார். நாலு இலை போடப்பட்டது. அமீர் ஜானுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. நல்ல நாளில் நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டார்.

வேன் வந்தது. பெண்கள் வீட்டுக்கு ஏறிப் போனார்கள். ஆண்கள் ஒன்பது பேர், ஜைனப்பின் அண்ணனும் அவர்களில் ஒருவர், கை கழுவி நடு மேசையில் உட்கார்ந்தார்கள். பேச்சு சுலபமாகவே முடிந்தது. சையத் இப்ராஹிம் அதிகம் பேசுகிறவர் இல்லை. வெள்ளைத் தாடி, மிளகுத் தூசியில் எப்போதும் சிவந்த கண். பெண் வீட்டில் எதுவும் கேட்கமாட்டோம், ஐப்பசியில் நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். முதலாளி ஷேக் தாவூத் கல்லாவை விட்டு இறங்கி வந்து சலாம் சொன்னார். அமீர் ஜான் புதுச் சட்டைமேல் பழைய துண்டைப் போட்டுக்கொண்டு பிரியாணியைப் பரிமாறினார். ஒவ்வொரு இலையிலும் ஒரே அளவு, ஒரே உயரம், கறித்துண்டு எண்ணி வைத்த மாதிரி. அவருக்கே அவர்மேல் பெருமையாக இருந்தது.

சையத் இப்ராஹிம் சோற்றில் கை வைக்கவில்லை. சகன் எங்கே என்று அவர் கேட்கவுமில்லை. ஓட்டல் வழக்கம் இலைதான் போலிருக்கிறது என்று அவரே சமாதானம் செய்துகொண்டார். பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார். தன் இலையிலிருந்த சோற்றைக் கையால் நடுவில் பிரித்து, ஒரு பாதியை அந்தக் காலி இடத்துப் பக்கம் தள்ளினார். பெரிய கறித்துண்டையும் அந்தப் பக்கமே வைத்தார்.

"சம்மந்தி நின்னா நாங்க எப்படிங்க உங்கறது? வாங்க, உக்காருங்க. பிஸ்மில்லா சொல்லி ஒரு கை வைங்க."

அமீர் ஜான் கண்ணில் பட்டது ஒரு இலை. அதில் இரண்டு பங்கு. அவ்வளவுதான் தெரிந்தது. மனுஷன் யார், நாள் என்ன, மகள் யார், ஒன்றும் தெரியவில்லை. இருபது வருஷமாகப் பழகின நாக்கு அவரைக் கேட்காமலேயே புறப்பட்டுவிட்டது.

"ஒரு இலைக்கு ஒருத்தருங்க."

அதே குரல். நாலு மேசைக்குக் கேட்கிற குரல். கடையே திரும்பிப் பார்த்தது. சையத் இப்ராஹிமின் கை இலைமேல் அப்படியே நின்றது. அந்த நிற்பை அமீர் ஜான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். அன்றைக்குத்தான் அதில் ருசி இல்லை.

சொன்னது தன் காதில் விழுந்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பழக்க தோஷம் என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டிருந்தால் எல்லாரும் சேர்ந்து சிரித்திருப்பார்கள். ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்க ஒரு கதையும் கிடைத்திருக்கும். உட்காரத்தான் முழங்காலை மடக்கினார். ஜன்னலோரத்திலிருந்து ஈரோட்டுக்காரர் சாவகாசமாகச் சொன்னார்.

"அப்படிச் சொல்லுங்க பாய். சட்டம்னா எல்லாருக்கும் ஒரே சட்டந்தானுங்க."

அவர் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை, தலையை நிமிர்த்தி அமீர் ஜானையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடங்கின முழங்கால் நிமிர்ந்துவிட்டது. அரை மணி நேரத்துக்கு முன்னால் அவள் கையைக் குறுக வைத்த ஆள், இப்போது அவள் கண்ணெதிரே இன்னொருவர் இலையில் கை வைப்பதா? மகள் வாழ்க்கை ஒரு பக்கம், ஊர் பேர் தெரியாத ஒரு குல்லாய்க்காரரின் இளிப்பு ஒரு பக்கம். அமீர் ஜானுக்கு இளிப்புதான் பெரிதாகப் போயிற்று. துண்டைச் சரிசெய்துகொண்டு, இன்னொரு இலை போடச் சொல்கிறேன், தனித்தனியாகச் சாப்பிட்டால்தான் உங்களுக்குச் சவுகரியமாக இருக்கும் என்றார்.

சையத் இப்ராஹிம் தள்ளிவைத்த பாதிச் சோற்றைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். கறித்துண்டையும் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பிஸ்மில்லா சொல்லிச் சாப்பிட்டார். ஷேக் தாவூத் ஓடிவந்து, அவன் கிடக்கிறான், நான் உட்காருகிறேன் என்று பெஞ்சில் உட்காரப் போனார். பாய், நீங்க பொண்ணுக்குத் தகப்பன் இல்லையே என்று சையத் இப்ராஹிம் மரியாதையாகவே சொல்லிவிட்டார். அமீர் ஜான் அண்டாவோடு இரண்டாவது சுற்று வந்தபோது, போதுங்க என்றார். அடுத்தவரும் போதுங்க என்றார். ஒன்பது இலையிலும் ஒன்பது போதுங்க. வயிறார உண்ணவும் என்று பலகை தொங்குகிற கடையில் ஒரு கரண்டி சோறுகூட இரண்டாவது தடவை போகவில்லை. இறங்கும்போது ஜைனப்பின் அண்ணன் மட்டும் அவர் பக்கத்தில் வந்து, நீ மனுஷனே இல்லை என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் நடந்தது வேறு கதை. மாப்பிள்ளையின் தாய் ரஹமத் பீவி ஆசியாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே சகனில் சாப்பிட்டிருக்கிறாள். நெஞ்செலும்புத் துண்டை அவள் பக்கம் தள்ளியிருக்கிறாள். வெட்கத்தில் அவள் சாப்பிடாமல் சோற்றில் கோலம் போட்டுக்கொண்டிருக்க, முதல் வாயை உருட்டி ஊட்டியே விட்டாளாம். வேன் புறப்பட்டபோது இரண்டு பக்கத்துப் பெண்களும் கண் கலங்கித்தான் பிரிந்தார்கள். ஆண்கள் முகம் ஏன் அப்படி இருக்கிறதென்று வேனில் ஏறின பிறகுதான் ரஹமத் பீவிக்குத் தெரிந்தது. ஜைனப்புக்குத் தெரிந்தது சாயங்காலம், பொன்னுவேல் வந்து சொல்லி.

ஜைனப் அழுதாள். அழுது முடித்தபின் அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அமீர் ஜான் தன் கட்சியை விடவில்லை. சட்டத்தைச் சொன்னது தப்பா, ஒரு வார்த்தைக்குக் கோபித்துக்கொள்கிற சம்மந்தம் எதற்கு என்று சுவரைப் பார்த்துப் பேசினார். ஆசியா ரேடியோவைத் துடைக்கவில்லை. இரண்டாம் நாள் காலை தகப்பனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நின்றுகொண்டு கேட்டாள்.

"அத்தா, நீங்க அந்த இலைல ஒரு தடவை கை வெச்சிருந்தா கை என்னங்க தேஞ்சா போயிருக்கும்?"

அவர் வாளியைத் தூக்கக் கிளம்பிவிட்டார்.

எட்டாம் நாள் சேலத்திலிருந்து ஜைனப்பின் அண்ணன் வந்தார். தங்கையை மட்டும் பார்த்துப் பேசினார். ஒரு பருக்கையைப் பங்கு போட மனசு வராதவனோடு சம்மந்தம் எதற்கு என்று ஆண்கள் எல்லாரும் ஒரே முடிவாக இருந்தார்களாம். ரஹமத் பீவிதான் நடுக்கூடத்தில் வந்து நின்று சொன்னாளாம்.

"நான் அந்தப் புள்ளையோட ஒரே சகன்ல உண்டுட்டு வந்துட்டனுங்க. ஊட்டுன வாயில கைய உட்டு இனித் தோண்டி எடுக்கவா முடியும்? அவிய அத்தா பண்ணுனதுக்குப் புள்ள என்ன பண்ணும்?"

ஆம்பிளைகள் முடிவை மாற்றிக்கொண்டார்கள். கூடிச் சாப்பிட்டது சாப்பிட்டதுதான். நிக்காஹ் சேலத்தில், விருந்து மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. ஜைனப் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். அமீர் ஜான் இதைக் கேட்டுவிட்டு என்ன செய்தார் தெரியுமா? அன்றைக்குக் கடையில் போய், பார்த்தீர்களா, கறாராக இருந்தால்தான் நாலு பேர் மதிப்பார்கள், இறங்கிப் போயிருந்தால் ஏறி மிதித்திருப்பார்கள் என்று சமையல்கட்டில் நின்று பெருமையடித்தார். எந்தச் சகனைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டாரோ, அந்தச் சகன் சாப்பாடுதான் தன் மகளைக் கரையேற்றியது என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. பொன்னுவேல் இலைகளை அள்ளிக்கொண்டு மறுபக்கம் போய்விட்டான்.

ஐப்பசியில் கல்யாணம். சேலத்தில் பெரிய மண்டபம். அமீர் ஜான் தொப்பியும் அத்தரும் சரிகைத் துண்டுமாகப் பெண்ணின் தகப்பன் என்கிற மிடுக்கோடு போனார். நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளையைத் தழுவினார், எல்லாருக்கும் கை கொடுத்தார், எல்லாரும் கொடுத்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பந்திக்குக் கூப்பிட்டார்கள். நீளக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து வரிசை வரிசையாகச் சகன். சகனுக்கு நாலு பேர். அவர் முதல் சகனைப் பார்த்துப் போனார். இங்க ஆளிருக்குதுங்க என்றார்கள். அடுத்த சகனிலும் ஆள் இருந்தது. மூன்றாவதில் ஒரு இடம் காலியாகத்தான் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஜைனப்பின் அண்ணன் தன் காலை நீட்டி அந்த இடத்தை அடைத்துக்கொண்டார். பந்திக்கு முந்து என்பார்கள். முந்தி வந்தும் இடம் கிடைக்காதவர் அவராகத்தான் இருப்பார்.

அப்போது சையத் இப்ராஹிமே எழுந்து வந்தார். கையைப் பிடித்து, மிகுந்த மரியாதையோடு, கூடத்தின் மூலைக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு மேசை, ஒரு நாற்காலி. துடைத்த தலைவாழை இலை ஒன்று. பக்கத்தில் ஒரு டம்ளர். அவர் ஒருத்தருக்காகவே அண்டாவோடு ஒரு ஆள் தயாராக நின்றான்.

"ஒரு இலைக்கு ஒருத்தருங்க, சம்மந்தி. உங்களுக்குச் சவுரியமா இருக்கும்."

சொன்னவர் முகத்தில் கேலி இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்துவிட்டு, தன் சகனுக்குத் திரும்பிப் போய் மூன்று பேரோடு நாலாவது ஆளாக உட்கார்ந்துகொண்டார்.

பரிமாறுகிறவன் பிரியாணியைக் குவித்தான். தாள்ச்சா ஊற்றினான். பெரிய துண்டாகப் பார்த்து வைத்தான். வேண்டிய மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடச் சொன்னான். ஒரு குறையும் வைக்கவில்லை. கூடத்தில் நூற்றைம்பது கைகள் சகனுக்குச் சகன் போய்வந்துகொண்டிருந்தன. திரையின் அந்தப் பக்கம் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதில் ஆசியாவின் சிரிப்பும் இருந்தது. தகப்பனுக்குத் தெரியாதா?

அமீர் ஜான் சாப்பிட்டார். எந்தக் கை எப்போது இலைக்குள் நுழையும் என்று இருபது வருஷம் காவல் காத்த கண் அது. பழக்கத்தில் அன்றைக்கும் இலையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பளம் முழுசாக அப்படியே இருந்தது. வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். பாதிச் சோற்றை மெல்ல அந்தப் பக்கம் தள்ளிவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு கையும் வரவில்லை.